தொட்டி வற்றினால் மோட்டார் தானே நிற்க

சொட்டுநீருக்குத் தொட்டியிலிருந்து இறைக்கும் மோட்டாருக்கு நீர்மட்டம் அறியும் சென்சார் ஒன்று போதாது, இரண்டாகத் தொங்கவிடுங்கள். கீழ்ச் சென்சார் ஃபுட் வால்வுக்கு (உறிஞ்சு குழாயின் அடிமுனையில், நீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு) ஒரு முழம் மேலே, மற்றது அதற்கும் இரண்டு அடி மேலே. நீர் கீழ்ச் சென்சாருக்குக் கீழே இறங்கினால் மோட்டார் நிற்கும். மேல் சென்சாரைத் தொட்ட பிறகே மறுபடி ஓடும். ஒன்று மட்டும் இருந்தால், நீர் ஒரு விரற்கடை ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டார்ட்டர் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், அதற்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டரின் முனைகள் கருகும். தண்ணீரின்றி ஓடினால் பம்பின் தண்டோரம் நீர் கசியாமல் அடைக்கும் சீல் சூடேறிப் போய்விடும். அதைக் குளிர்விப்பதே நீர்தான். உப்புத் தண்ணீர் என்றால் சென்சார் முனையில் படியும் வெள்ளையை அவ்வப்போது தேய்த்துவிடுங்கள்.

ஃபுட் வால்வு கசிந்து குழாயில் காற்று ஏறினால் இந்த ஏற்பாடு உதவாது: தொட்டி நிறைய நீர் இருக்கும், பம்பு வெறுமனே சுற்றும். அதற்கு, மின்னோட்டம் குறைவதைப் பார்த்து நிறுத்தும் ரிலே தனியாக வேண்டும்.