மூஸ் கேக்கும் மே மாத வெயிலும்

போன வருஷம் மே மாதம் நுங்கம்பாக்கத்தில் ஒரு பிரெஞ்சு பேஸ்ட்ரி கடையில் மாம்பழ மூஸ் கேக் (கிரீமை நுரையாக அடித்துச் செய்வது) வாங்கி, ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு வேளச்சேரி வந்து சேர்ந்தேன். டப்பாவைத் திறந்தால் உள்ளே பாயசம். கடைக்காரர் மேல் தப்பே இல்லை. மூஸைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் ஜெலட்டின்தான். அது 30 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பித்துவிடும். மேலே இருக்கும் சாக்லேட்டின் கோகோ வெண்ணெய் 34 டிகிரி பக்கம் உருகும். நம் ஊர் மே மாதமோ 40ஐத் தொடுகிறது.

அதனால் கேக்கை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு தி.நகரில் துணி எடுக்கப் போகாதீர்கள். கடைசி வேலையாக வாங்கி, ஏசி ஓடும் காரில், மடியில் இல்லாமல் கால் வைக்கும் இடத்தில் சமமாக வையுங்கள். மடி சூடு, சாய்வு வேறு. வண்டி ஸ்கூட்டர்தான் என்றால் மூஸை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு மேடலீன் என்ற குட்டி கேக் மாதிரி கிரீம் இல்லாத வகைகளை வாங்கிப் போகலாம்.

"எக்லெஸ்தானே?" என்று மட்டும் கேட்டு நிறுத்துவது அடுத்த தவறு. முட்டை இல்லாத கேக்கிலும் ஜெலட்டின் இருக்கலாம்; அது மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. வீட்டில் சைவம் என்றால் ஜெலட்டினா, கடல்பாசியா என்று தெளிவாகக் கேளுங்கள். ரம் பாபா என்ற கேக்கில் நிஜமாகவே ரம் உண்டு, தாத்தாவிடம் நீட்டுவதற்கு முன் யோசியுங்கள். பாதாம் ஒத்துக்கொள்ளாதவர்கள் மாக்கரான் பக்கமே போக வேண்டாம்.

மாக்கரான் என்றதும் தூத்துக்குடி மக்ரூன் ஞாபகத்தில் கடித்துவிட்டு "மொறுமொறுப்பே இல்லையே, பழசா?" என்று சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும்தான். நம்முடையது முந்திரி போட்டு, காய்ந்து நிற்பது. அவர்களுடையது பாதாம் மாவு; நடுவே கிரீம் வைத்து ஒரு நாள் ஃபிரிட்ஜில் ஊறவிட்டால்தான் உள்ளே மெத்தென்று ஆகும்.

வெண்ணெய் வைத்து அடுக்கடுக்காகச் செய்யும் குரோசானைக் காலையில் வாங்குங்கள். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் சாயங்காலத்துக்குள் அதன் மொறுமொறுப்பு போய்விடும். மிஞ்சியதை மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர்தான். ஓவனிலோ ஏர் ஃப்ரையரிலோ ஐந்து நிமிஷம் போதும். நன்றாகச் சிவந்திருந்தால் கருகிவிட்டது என்று ஒதுக்காதீர்கள், வெந்த வெண்ணெயின் ருசியே அங்கேதான்.

வீட்டு ஃபிரிட்ஜில் சாம்பாருக்குப் பக்கத்தில் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள். வெண்ணெயும் கிரீமும் வாசனையை அப்படியே இழுத்துக்கொள்ளும். சாப்பிடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வெளியே எடுத்து, கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து வெட்டுங்கள். எங்கள் வீட்டில் கத்தி வருவதற்குள் இரண்டு விரல் தடம் விழுந்திருக்கும், அது வேறு கதை.