காசா செய்தியைப் பகிரும் முன் பழைய தலைப்பைப் பாருங்கள்

காசா பற்றிய செய்தி ஒன்றைப் பகிரும் முன், அதன் இணைப்பை நகலெடுத்து இணையப் பக்கங்களின் பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒட்டுங்கள், தலைப்பு முதலில் என்னவாக இருந்தது, ஏறக்குறைய எப்போது மாறியது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

காசாவுக்குள் வெளிநாட்டு நிருபர்கள் சுதந்திரமாகப் போக இஸ்ரேல் விடுவதில்லை, அதனால் முதல் சில மணி நேரத்துத் தலைப்பு பெரும்பாலும் ஏதோ ஒரு தரப்பு சொன்னதுதான். 2023 அக்டோபர் 17 அன்று காசா நகரின் அல் அஹ்லி மருத்துவமனை வெடிப்பை, பாலஸ்தீனத் தரப்பை மேற்கோள் காட்டி இஸ்ரேலியத் தாக்குதல் என்று போட்ட நியூயார்க் டைம்ஸ் அப்புறம் தலைப்பை மாற்றியது, சில நாளில் ஆசிரியர் குறிப்பும் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தெற்கு காசாவின் ரஃபாவில் மருத்துவ உதவியாளர்கள், மீட்புப் பணியாளர்கள், ஐ.நா. ஊழியர் ஒருவர் என 15 பேர் இஸ்ரேல் ராணுவத்தின் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டபோது நடந்தது இதற்கு நேர் எதிர். வாகனங்கள் விளக்கில்லாமல் வந்தன என்று இஸ்ரேல் ராணுவம் சொன்னது செய்தியானது, ஆனால் இறந்தவர் ஒருவரின் செல்போன் காணொளியில் விளக்குகள் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன, ராணுவமே தன் கூற்றை மாற்ற வேண்டியதாயிற்று. இறந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை இந்தச் சரிபார்ப்பு.

நிமிடத்துக்கு நிமிடம் மாறும் நேரலைப் பக்கங்களுக்கும், யாரும் சேமித்து வைக்காத சிறிய தளங்களுக்கும் இது உதவாது. ஓர் ஊடகம் அடியோடு விட்டுவிட்ட செய்தியையும் இதில் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு இஸ்ரேலின் ஹாரெட்ஸ், கத்தாரின் அல் ஜசீரா இரண்டையும் திறந்து பார்ப்பதுதான் வழி.