ஊருக்கு ஒரு சிறப்பு அஞ்சல் உறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரின் வரலாற்றை வெளியே தெரியவைக்கச் சிறப்பு அஞ்சல் உறை வெளியிடலாம் என்று இப்போது பல ஊர்களில் கிளம்பியிருக்கிறார்கள். பள்ளி நூற்றாண்டு, பழைய பாலம், புவிசார் குறியீடு வாங்கிய பாய், பூட்டு, பால்கோவா என்று எதற்கும் அஞ்சல் துறையின் ஒப்புதலோடு ஓர் உறை, அதன்மேல் அந்த நாளுக்கென்றே செய்த ஒரு சிறப்பு முத்திரை. நல்லதுதான். ஆனால் பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் வரும் வரைவுகளில், அந்தக் காலத்தில் உறை வெளியிட்ட நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, மங்கலான படம் எல்லாம் நீங்களே கவனித்துக்கொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வழவழப்பான தாள்

வேண்டாம். மை காயாது, கை பட்டால் இழுபடும்.

முத்திரைக்குள் ஊரையே அடைப்பது

முத்திரை என்பது சில சென்டிமீட்டர் அகலம். அதற்குள் ஏழு நிலைக் கோபுரம், தெப்பக்குளம், தலைவர் முகம், இரண்டு மொழியில் வாசகம் என்று திணித்தால், கணினித் திரையில் அழகாக இருக்கும். அஞ்சலகத்தில் மை தொட்டுக் குத்தும்போது கோடுகளுக்கு நடுவே மை அடைத்துக் கரும்புள்ளியாகிவிடும்.

இதற்கு நேர்மாறான ஒரு பழைய முத்திரையைப் பாருங்கள். 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்தில் ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களை யமுனைக்கு அக்கரையில் இருந்த நைனிக்குப் பறந்து கொண்டுபோனார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல் அதுதான். அதற்கென்று செய்த முத்திரையில் ஒரு விமானம், கீழே மலைகள், சுற்றி நிகழ்ச்சியின் பெயர், ஊர், ஆண்டு. அவ்வளவே. இன்று எடுத்துப் பார்த்தாலும் என்ன, எங்கே, எப்போது என்ற மூன்றும் ஒரே பார்வையில் கிடைத்துவிடும்.

‘முதல்’ என்ற ஆசை

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். இன்னும் எரிச்சல் தீரவில்லை.

உறையின் பின்பக்கத்தில் நாலு வரி வரலாறு அச்சிடுவது வழக்கம். அந்த நாலு வரிக்குள் ‘இந்தியாவிலேயே முதல்’, ‘உலகிலேயே பழமையான’ என்று ஏதாவது ஒன்று நுழையாமல் இருப்பதே இல்லை. தரங்கம்பாடி பற்றிய ஒரு வரைவில் ‘இந்தியாவின் முதல் அச்சகம் அமைந்த ஊர்’ என்று இருந்தது. கோவாவில் 1556இலேயே அச்சுப்பொறி வந்துவிட்டது. தமிழ் எழுத்திலேயே 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூல் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறி வந்தது 1712இல். ஒன்றரை நூற்றாண்டு வித்தியாசம்! இதைச் சொன்னபோது குழுவின் செயலாளர் சிரித்துக்கொண்டே, “பின்பக்கத்தை யார் சார் படிக்கப்போறாங்க?” என்றார். அப்படியே அச்சாகி, மேடையில் வெளியிட்டு, கைதட்டலும் வாங்கிவிட்டார்கள்.

யாரும் படிக்க மாட்டார்கள் என்பதுதான் தப்புக்கணக்கு. கொஞ்ச நாள் கழித்து அங்கே போனபோது, சுற்றுலாப் பயணிகளைக் கோட்டைக்கு அழைத்து வந்த வழிகாட்டி ஒருவர் இதே வரியை ஒப்பித்துக்கொண்டிருந்தார். மெதுவாக மறுத்தேன். அவர் பையிலிருந்து அந்த உறையை எடுத்து நீட்டினார். “தபால் துறையே போட்டிருக்காங்களே சார்!” என்ன பதில் சொல்வது? துண்டுப் பிரசுரத்தில் வரும் பொய் மறுநாள் குப்பைக்குப் போய்விடும். அரசுச் சின்னத்தோடும் தேதி முத்திரையோடும் வரும் பொய் சேகரிப்பாளர் ஆல்பத்தில் ஏறி உட்கார்ந்து, பிறகு அதுவே சான்றாகிவிடுகிறது. அடுத்த பதிப்பில் திருத்தலாம் என்றால், சிறப்பு உறைக்கு அடுத்த பதிப்பு கிடையாது.

வருத்தம் என்னவென்றால், அந்த ஊருக்குப் பொய்யே தேவையில்லை. ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு வந்து இறங்கியது 1706 ஜூலை 9. இந்திய மொழி ஒன்றில் முதன்முதலாகப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சானது இங்கேதான், 1715இல், தமிழில். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இலிருந்து அதே தெருவில் நிற்கிறது. டேனியர் அங்கே கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டைக்கு இடம் கொடுத்த தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன் ஏட்டில் எழுதிய மடல் இன்னும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. இந்த நாலில் ஒன்றைப் போட்டிருந்தால், படிப்பவனுக்கு ஊரில் வந்து எதைப் பார்ப்பது என்றாவது தெரிந்திருக்கும். ‘முதல் அச்சகம்’ என்று படித்துவிட்டு வருகிறவன் எந்தக் கட்டடத்தைப் போய்ப் பார்ப்பான்?

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதும் இந்த வகைதான். மாலையில் பிராகாரத்தில் நின்றால் நிழலின் மேலேயே நடக்கலாம். அதையும் ஒரு வரைவில் பார்த்தேன்.

‘முதல்’ என்று எழுதினால் எதில் முதல், எந்த எல்லைக்குள் முதல், எந்த ஆண்டு என்று மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்று விடுபட்டாலும் வரியை அடித்துவிடுங்கள். அப்புறம், வரைவை உள்ளூர்ப் பெருமை இல்லாத வெளியூர் ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளூர்க்காரர் எல்லாரும் தலையாட்டத்தான் செய்வார்கள்.

அஞ்சல் துறையின் ஒப்புதல் வரும் முன் அச்சடிப்பது

அச்சகத்துக்கு முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

விருந்தினருக்காகத் தேதியை நகர்த்துவது

முத்திரையில் நிலைத்து நிற்பது தேதிதான். சீகன்பால்கு வந்து இறங்கிய ஜூலை 9க்கு அர்த்தம் இருக்கிறது. அமைச்சருக்கு வசதிப்பட்ட ஜூலை 23க்கு என்ன அர்த்தம்? விருந்தினர் வராவிட்டால் தலைமை ஆசிரியரை வைத்து வெளியிடுங்கள். விழாவையும் அந்த ஊரிலேயே நடத்துங்கள். மாவட்டத் தலைநகரில் குளிர்சாதன மண்டபம் பிடித்துவிட்டுச் சுற்றுலா வளர்க்கிறோம் என்பது வேடிக்கை.

ஒரு நாளோடு முடித்துக்கொள்வது

சிறப்பு முத்திரை அன்றைக்கு மட்டும். அடுத்த மாதம் வரும் பயணிக்கு அதில் ஒன்றும் இல்லை. அதற்குத்தான் நிரந்தரப் பட முத்திரை இருக்கிறது: ஊரின் அடையாளத்தைத் தாங்கிய முத்திரை அந்த அஞ்சலகத்திலேயே இருக்கும், உரிய அஞ்சல்தலை ஒட்டிக் கொடுத்தால் வேலை நாட்களில் குத்தித் தருவார்கள். சிறப்பு உறைக்கு அலையும் அலைச்சலில் பாதியை இதற்குச் செலவிடலாம். இமாச்சலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் ஹிக்கிம் என்ற சிற்றூர் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 4,400 மீட்டர் உயரத்தில் ஒரு சின்ன அஞ்சலகம். அங்கிருந்து ஓர் அஞ்சலட்டை போடுவதற்கென்றே ஆட்கள் மலையேறிப் போகிறார்கள். அங்கே மேடையும் இல்லை, பொன்னாடையும் இல்லை.

முத்திரை கிடைத்த பிறகு, பேருந்து நிலையத்திலும் தங்கும் விடுதிகளிலும் அஞ்சலகம் எங்கே, எத்தனை மணிவரை என்று ஒரு தாளாவது ஒட்டுங்கள். இதைச் செய்த ஊர்கள் குறைவு.

எல்லா உறையையும் ஆல்பத்துக்கே அனுப்புவது

விழா நாளில் மண்டப வாசலில் ஒரு மேசை போடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வெளியூர் அத்தைக்கும் மாமாவுக்கும் முகவரி எழுதி, அஞ்சல்தலை ஒட்டி, அன்றைய முத்திரையோடு பெட்டியில் போடட்டும். நாலு ஊருக்குப் போகும் உறைதான் நம் ஊர் பெயரைக் கொண்டுபோகும். முகவரி எழுதினால் உறை கெட்டுவிடும் என்று சேகரிப்பாளர் சிலர் முணுமுணுப்பார்கள். அவர்களுக்கு வெற்று உறையைத் தனியாகக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.