பழைய கேம்பர் வேனில் கூலன்ட் கசிகிறதா? வீட்டு வாசலிலேயே சரிசெய்யும் முறை

கோலாலம்பூருக்குள் ஓடும்வரை பழைய வேன் எதையும் காட்டிக்கொடுக்காது. கோம்பாக் டோலைத் தாண்டி, காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பாவை நோக்கி ஏறத் தொடங்கியதும் சூடு காட்டும் முள் மெல்ல மேலே போகும். பின்னால் கட்டில், அலமாரி, தண்ணீர்த் தொட்டி, கேஸ் அடுப்பு என்று நிறைய ஏற்றி வைத்திருக்கிறோம். ஏர்கோனும் ஓடுகிறது. அந்த நேரத்தில் எஞ்சினுக்குள் அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஒரு லிட்டர் குறைவாக இருந்தால் அந்த ஏற்றமே சிலிண்டர் ஹெட்டைக் கெடுத்துவிடும். ஒரு ரப்பர் ஹோஸை மாற்றியிருந்தால் தப்பித்திருக்கக்கூடிய எஞ்சினைப் பிரித்துப் போட வேண்டி வரும்.

இங்கே நான் மனதில் வைத்து எழுதுவது நிசான் வானெட் சி22, பழைய டொயோட்டா லைட்ஏஸ், ஹைஏஸ் மாதிரி வேன்களை. நம் ஊரில் கேம்பராக மாற்றப்பட்டவற்றில் இவைதான் அதிகம் கண்ணில் படுகின்றன. முன் இருக்கைகளைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். பழைய ஃபோல்க்ஸ்வாகன் கொம்பி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அது காற்றால் குளிரும் எஞ்சின்.

தொடங்கும் முன் மூன்று விஷயங்கள்

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பழைய ஜப்பானிய வேன்களின் மூடியில் பெரும்பாலும் 0.9 என்று எண் இருக்கும். அது 0.9 பார் அழுத்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். அதாவது, உள்ளே 100 டிகிரியைத் தாண்டிய தண்ணீர் கொதிக்காமல் அடங்கி நிற்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஆவியாகி முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டால் சூடே தெரியாத நிலை வரும்வரை காத்திருங்கள். அதன் பிறகும் தடித்த துணியை மேலே போட்டு, முதல் நிறுத்தம்வரை மட்டும் திருப்பி, சீறல் அடங்கியபின் முழுதாகத் திறங்கள்.

இரண்டாவது, வெறும் ஜாக்கை நம்பி வேனுக்கு அடியில் படுக்காதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக் ஸ்டாண்டில் இறக்கிய பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

மூன்றாவது, கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். பூனையும் நாயும் விரும்பி நக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும். பிடித்து வைத்த பேசினைத் திறந்தபடி வாசல் ஐந்தடி நடைபாதையில் விட்டுவிட்டுத் தேத்தாரேக் குடிக்கப் போகக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீடென்றால் இன்னும் கவனம்.

படி 1: சொட்டுவது கூலன்ட்தானா?

கேம்பர் வேனில் இந்தக் கேள்வி முக்கியம், ஏனென்றால் அடியில் சொட்டுவதற்கு ஏகப்பட்ட காரணங்கள் உண்டு. நம் ஈரக் காற்றில் ஏர்கோன் ஓடினால் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுநீர்க் குழாய் கழன்றிருக்கலாம். குடிநீர்த் தொட்டியின் பம்ப் இணைப்பு கசியலாம்.

ஒரு வெள்ளை டிஷ்யூவை ஈரத்தில் ஒற்றிப் பாருங்கள். நிறமோ மணமோ இல்லாமல் விரலில் தண்ணீராகவே இருந்தால் ஏர்கோன் அல்லது குடிநீர்த் தொட்டி. சோப்பு வாடையோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் சமையல் தொட்டி. பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதாவது சாயம் ஏறி, விரல்களுக்கிடையே வழுவழுப்பாக இருந்து, இனித்த வாடை வந்தால் கூலன்ட். முந்தைய உரிமையாளர் பைப் தண்ணீர் மட்டுமே ஊற்றி ஓட்டியிருந்தால் துருப்பிடித்த செம்மண் நிறத்தில் வரும். அதுவும் கூலன்ட் கசிவுதான், நிலைமை கொஞ்சம் மோசம் என்பதற்கான அடையாளமும்கூட.

படி 2: இடத்தைக் கண்டுபிடியுங்கள்

முழு வேலையிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். இடம் தெரியாமல் ரேடியேட்டரை மாற்றுவது, அப்புறம் எஞ்சினில் கூலன்டைச் சுழலவிடும் வாட்டர் பம்பை மாற்றுவது, கடைசியில் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தது என்று தெரிவது, இது பலருக்கு நடக்கிறது. ஒரு மாலைப் பொழுதைத் தேடுவதற்கே ஒதுக்குங்கள்.

எஞ்சின் ஆறியபின் முன் இருக்கைகளைத் தூக்கி, ஹோஸ்களையும் எஞ்சின் முன்பக்கத்தையும் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ரேடியேட்டரிலும் அதோடு சிறு குழாயால் இணைந்த பிளாஸ்டிக் கூலன்ட் போத்தலிலும் கூலன்ட்டை நிரப்புங்கள். அடியில் பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, முன் சக்கரம் எங்கே என்று அதில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து அதே இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் ஓடும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். நிறுத்திய பிறகும் பாருங்கள், ஏனென்றால் நிறுத்திய சில நிமிடங்களில் சூடும் அழுத்தமும் இன்னும் கொஞ்சம் ஏறும். ஓடும் எஞ்சினில் பெல்ட், ஃபேன் பக்கம் கை, சட்டைக்கை, துண்டு எதுவும் போகக் கூடாது. மின்சார ஃபேன் உள்ள வேனில் எஞ்சின் நின்ற பிறகும் ஃபேன் தானாகச் சுழலலாம்.

ஈரம் தெரியும் இடமும் கசியும் இடமும் ஒன்றல்ல என்பதை மறக்க வேண்டாம். ஃபேன் காற்று கூலன்டைப் பின்னால் தள்ளும். அது கீழே வழிந்து, ஏதாவது ஒரு போல்ட் நுனியில் வந்து சொட்டும். எனவே சொட்டும் இடத்திலிருந்து மேலேயும் முன்னேயும் தேடிப் போங்கள். காய்ந்த கூலன்ட் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிவம் விட்டிருக்கும். அந்தப் படிவத்தின் உச்சிதான் நீங்கள் தேடும் இடம்.

பார்க்கும் வரிசை: மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், அவற்றின் நான்கு முனைகள். எஞ்சினைச் சுற்றி ஓடும் சிறிய பைபாஸ் ஹோஸ்கள். பலர் பார்க்காமல் விடுவது இவற்றைத்தான். தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்துவிடும் வால்வு) உட்கார்ந்திருக்கும் கூட்டின் இணைப்பு. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பு. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையம். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்னத் துளை; அதிலிருந்து சொட்டினால் உள்ளே இருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். கடைசியாக எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் காசு வட்டத்தில் அடித்திருக்கும் உலோக மூடிகள். பைப் தண்ணீரில் வருடக்கணக்கில் ஓடிய எஞ்சினில் இவை உள்ளிருந்தே துருத் தின்று ஓட்டையாகும்.

கண்ணுக்குப் படவில்லையென்றால் ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள். தெரிந்த பட்டறை இருந்தால் கேட்டாலே கொடுப்பார்கள். ஆறிய எஞ்சினில் மூடிக்குப் பதிலாக அதை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுவரை மட்டும் கையால் பம்ப் அடியுங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. எஞ்சின் ஓடாமல், ஃபேன் சுழலாமல், சூடில்லாமல் நிதானமாகத் தேடலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது.

படி 3: எதை நீங்கள் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

ஹோஸ், கிளாம்ப், மூடி, தெர்மோஸ்டாட், போத்தல்: இவை முதல் முறை செய்பவரே செய்யலாம். ரேடியேட்டரும் பெல்ட்டில் வெளியே ஓடும் வாட்டர் பம்பும் கொஞ்சம் பொறுமை கேட்கும். டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் பம்பையும் பிளாக்கின் உலோக மூடிகளையும் பட்டறைக்கு விடுங்கள்.

வெளியே எங்குமே ஈரம் இல்லை, ஆனாலும் கூலன்ட் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) மீது சந்தேகம் வர வேண்டும். எண்ணெய் மூடியின் அடியில் மைலோப் பாலின் நுரை மாதிரி படிவம், எஞ்சின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ரேடியேட்டருக்குள் ஓயாமல் வரும் குமிழி, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேனை மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

கசிவை அடைக்கும் திரவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து லாரி ஓட்டுநர்கள் நடுவழியில் ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூள் போட்டு ஓட்டியதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இன்று போத்தலில் விற்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது: துகள் போய் ஓட்டையை அடைக்கும். ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அதே துகள் அடைக்கும். காட்டுவழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேரப் பயன்படுத்துங்கள். அதை ரிப்பேர் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

படி 4: பழைய கூலன்டை வடித்தல்

பேசினை வைத்து, ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைக் கையால் மெல்லத் திறங்கள். பழைய பிளாஸ்டிக் திருகு எளிதில் உடையும். இறுகியிருந்தால் அதை விட்டுவிட்டுக் கீழ் ஹோஸைக் கழற்றி வடியுங்கள். வடித்ததை மூடி போட்ட போத்தலில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கேட்டுக் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றினால் அது ஆற்றுக்குத்தான் போகும்.

படி 5: ஹோஸை மாற்றுதல்

தேவையானவை: ஸ்க்ரூ டிரைவர், பிளையர், 10, 12, 14 மி.மீ. சாக்கெட்டுகள், கூர்மையான கத்தி, நைசான சாண்ட் பேப்பர், புதுக் கிளாம்ப்கள்.

பழைய ஹோஸ் முனையோடு ஒட்டிப் போயிருக்கும். ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பினால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து உடையும், அப்புறம் ரேடியேட்டரே வாங்க வேண்டும். எப்படியும் தூக்கிப் போடப்போகும் ஹோஸ்தான். நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்து எடுங்கள். கழுத்தில் கத்தி ஆழமாகக் கோடு போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய ஹோஸைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஜாலான் ஈப்போ, செகாம்புட் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் ஒப்பிட்டுப் பார்த்து எடுத்துத் தருவார்கள். நேரான குழாயை வாங்கி வளைத்து மாட்டாதீர்கள். வளைவில் நசுங்கி ஓட்டம் தடைபடும். அந்த வேனுக்கென்று வார்த்த வளைவுதான் வேண்டும். ஒன்று வெடித்திருந்தால் மற்றவையும் அதே வயதுதான், எனவே எல்லா ஹோஸையும் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது.

உலோகக் கழுத்தில் இருக்கும் வெள்ளைப் படிவத்தைச் சாண்ட் பேப்பரால் தேய்த்துத் துடையுங்கள். கிளாம்பை முதலில் ஹோஸின் மேல் நுழைத்துவிட்டு, ஹோஸைக் கடைசிவரை தள்ளுங்கள். ஏறவில்லையென்றால் கொஞ்சம் கூலன்டைத் தடவலாம். எண்ணெயோ கிரீஸோ கூடாது, ரப்பரைக் கெடுக்கும். கழுத்தின் விளிம்பில் ஒரு மேடு இருக்கும். கிளாம்ப் அந்த மேட்டைத் தாண்டி உள்ளே உட்கார வேண்டும், மேட்டின் மேலேயோ ஹோஸின் நுனியிலோ அல்ல. ரப்பர் லேசாகப் பிதுங்கும்வரை இறுக்கினால் போதும்.

தெர்மோஸ்டாட்டையும் இதோடு மாற்றிவிடுங்கள். 82 அல்லது 88 என்று அதில் எண் அடித்திருக்கும். அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கும். சந்தேகம் இருந்தால் சட்டியில் தண்ணீர் காய வைத்து அதற்குள் போட்டுப் பாருங்கள், கொதிவரும் முன் திறக்க வேண்டும். சின்ன ஆடும் முள் இருந்தால் அது மேல்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். காற்று வெளியேற அதுதான் வழி. “இங்கே வெயில்தானே, தெர்மோஸ்டாட் எதற்கு?” என்று கழற்றி எறியச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

மூடி பழையதென்றால் யோசிக்காமல் புதிது வாங்குங்கள். எண் மட்டும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

படி 6: நிரப்புதலும் காற்றை வெளியேற்றுதலும்

நம் ஊரில் தண்ணீர் உறையாது என்பதால் கூலன்ட் வேண்டாம் என்று அர்த்தமில்லை. துருவைத் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது, கொதிநிலையையும் கொஞ்சம் உயர்த்துகிறது. கலந்தே விற்கும் போத்தலை அப்படியே ஊற்றுங்கள். அடர்த்தியானது என்றால் காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி. தண்ணீரே இல்லாத அடர்த்திக் கூலன்டை ஊற்றுவதும் தப்பு, சூட்டைச் சுமப்பது தண்ணீர்தான். நிறத்தை மட்டும் நம்பி இரண்டு வகையைக் கலக்காதீர்கள். நிறம் தயாரிப்பாளர் போடும் சாயம்.

வேனின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்துங்கள், ரேடியேட்டர் வாய் மேலே வரவேண்டும். மெதுவாக ஊற்றி, இடையிடையே மேல் ஹோஸைக் கையால் அழுத்தி விடுங்கள், குமிழி வரும். ஹீட்டர் உள்ள வேனில் அதைச் சூட்டின் உச்சத்தில் வையுங்கள், அந்தக் குழாயிலும் கூலன்ட் ஓட வேண்டும். எஞ்சினில் காற்று விடும் திருகு இருந்தால் குமிழி இல்லாமல் வரும்வரை அதைத் திறந்து வைத்து மூடுங்கள்.

மூடி போடாமல் எஞ்சினைத் தொடங்கி, ஐடிலில் விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். பொங்கி வரத் தொடங்கினால் முகத்தை விலக்கி எஞ்சினை நிறுத்துங்கள். முள் ஏறியும் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது, ஆறவிட்டு மறுபடி செய்யுங்கள். இந்த வேலையில் அவசரம் உதவாது. குமிழி நின்றதும் மூடியைப் போட்டு, போத்தலை இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிரப்புங்கள்.

படி 7: ஓட்டிப் பார்த்தல்

முதலில் வீட்டைச் சுற்றி ஓட்டிவிட்டு இரவு முழுவதும் ஆறவிடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் காற்று போன இடம்தான், நிரப்பிவிடுங்கள். அட்டையில் புதுப் புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். புது ஹோஸ் சூடுபட்டு இளகும், கிளாம்ப்களை ஆறிய நிலையில் இன்னொரு முறை சரிபாருங்கள்.

காராக் போகும் முன் அம்பாங்கிலிருந்து உலு லங்காட் போகும் மலைச் சாலையில் ஏற்றிப் பாருங்கள். ஏற்றம் நல்ல செங்குத்து, ஊரும் பக்கத்தில். முள் ஏறினால் உடனே ஏர்கோனை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் திறந்துவிடுங்கள், வேர்த்தாலும் எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இழுக்கும். ஆவி வந்தாலோ அடியில் கொட்டினாலோ ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். கேம்பரின் குடிநீர்த் தொட்டியில் தண்ணீர் இருக்கும், அவசரத்துக்கு அதை ஊற்றலாம். ஆனால் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஹெட் கோணிக்கொள்ளும், விரிசலும் விடும்.