அமெரிக்க ஊர் ஒன்றில் நிறவெறியின் வேரை வரைபடத்தில் தேடுவது எப்படி?

நிறவெறி என்றால் யாரோ நாலு பேர் கேவலமாகப் பேசுவது மட்டும்தான் என்று நினைக்கிறீர்களா? ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தின் 'மேப்பிங் இன்ஈக்வாலிட்டி' தளத்தைத் திறந்து டெட்ராய்ட், சிகாகோ என ஒரு ஊரைத் தேடுங்கள். வருவது 1930களில் வீட்டுக்கடனுக்காக அமெரிக்க அரசு அமைப்பே போட்ட வரைபடம். பச்சை என்றால் சிறந்த பகுதி, சிவப்பு என்றால் கடன் கொடுக்க ஆபத்தான பகுதி, அதாவது அங்கே வீட்டுக்கடன் கிடைப்பது கஷ்டம்.

சிவப்புப் பகுதியைத் தொட்டு மதிப்பீட்டாளரின் குறிப்பைப் படியுங்கள், இதைத் தவறவிடவே கூடாது, ஏனென்றால் அங்கே கறுப்பினத்தவர் எத்தனை சதவீதம் என்று எழுதுவதற்கே தனிக் கட்டம் இருக்கும். கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதிகள் கிட்டத்தட்ட எல்லாமே சிவப்புதான். படிக்கும்போது வயிறு எரியும்.

அப்புறம் அதே தெருக்களை இன்றைய செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். பல ஊர்களில் பழைய சிவப்புப் பகுதிகளில் மரங்கள் குறைவு, வெக்கையும் அதிகம். 1968இல் வீட்டு விஷயத்தில் பாகுபாட்டைச் சட்டம் தடை செய்தது, சரி, ஆனால் அதற்குள் வெள்ளையினக் குடும்பங்கள் பல வீடு வாங்கிச் சொத்து சேர்த்துவிட்டன, கறுப்பினக் குடும்பங்கள் பல வாடகையே கட்டிக்கொண்டிருந்தன. உள்ளூர்ப் பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு சொத்து வரியிலிருந்து வருவதால், பள்ளி எல்லைகளையும் சேர்த்தே பாருங்கள்.