பழைய தொழில்நுட்பக் கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்கப் பழகுவது எப்படி? மான்செஸ்டரில் ஒரு பயிற்சி

பழைய கட்டடத்தைக் கண்டால் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். கொஞ்சம் நின்று பார்க்கப் பழகலாம். அதற்கு நான் எப்போதும் சொல்லும் இடம், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில்நுட்பக் கல்லூரியாகக் கட்டப்பட்ட சாக்வில் தெருக் கட்டடம். நேரில் போக முடியாதவர்கள் கூகுள் வரைபடத்தில் தெருக்காட்சியைத் திறந்துகொள்ளுங்கள்.

படி 1: தள்ளி நில்லுங்கள்

எதிரே உள்ள சாக்வில் தோட்டத்தில் கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங்கின் சிலை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து பாருங்கள். ஆறு தளங்கள், செங்குத்தாக இறங்கும் கூரை. ஸ்பால்டிங் அண்ட் கிராஸ் நிறுவனம் இதைப் பிரெஞ்சு மறுமலர்ச்சிப் பாணியில் வரைந்தது. பார்த்தால் அரண்மனை; ஆனால் பகலெல்லாம் உழைத்தவர்களும் மாலை வகுப்புக்கு வந்து படித்த இடம் இது. அவர்களுக்கு ஓர் ஊர் இவ்வளவு மரியாதை செய்திருக்கிறதே என்று எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

படி 2: ஆண்டைப் பாருங்கள்

வேலை தொடங்கியது 1895. பிரதமர் ஆர்தர் பால்ஃபர் திறந்துவைத்தது 1902. இடையே 1901இல் விக்டோரியா மகாராணி இறந்துவிட்டார். அப்படியானால் இது விக்டோரியா காலக் கட்டடமா? ஆமாம். திறப்பு விழாவை வைத்து அல்ல, வரைபடம் பிறந்த காலத்தை வைத்துத்தான் கணக்கு.

பணம் வந்த வழியையும் கேளுங்கள். 1890இல், மதுக்கடை உரிமம் இழப்பவர்களுக்கு ஈடு கொடுப்பதற்கென்று சாராய வரியில் ஒரு தொகை ஒதுக்க பிரிட்டிஷ் அரசு நினைத்தது. எதிர்ப்பு கிளம்பவே, அது உள்ளாட்சிகளின் கைக்குத் தொழில்நுட்பக் கல்விக்காக வந்து சேர்ந்தது. ‘விஸ்கிப் பணம்’ என்றே அதற்குப் பெயர். இங்கிலாந்தில் இத்தகைய கல்லூரிகள் பெருகியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

படி 3: சுவருக்குப் பக்கத்தில் போங்கள்

அவசரப்படாதீர்கள், முக்கியமான படி இதுதான். சிவப்பாகத் தெரிவது அக்ரிங்டன் செங்கல். அலங்காரமெல்லாம் கல் அல்ல. லீட்ஸ் நகரத்து பர்மன்டாஃப்ட்ஸ் சூளையில் வெந்த சுடுமண். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பூவேலைகளைத் தேர்ந்தெடுத்து, இதழ் இதழாக ஒப்பிட்டுப் பாருங்கள். உளி செதுக்கியதென்றால் எங்காவது ஒரு வித்தியாசம் தட்டுப்படும். களிமண்ணை அச்சில் அழுத்தி எடுத்ததால் இங்கே அதே மடிப்பு, அதே வளைவு திரும்பத் திரும்ப வரும். அப்புறம் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஓடும் மெல்லிய இணைப்புக் கோடு. அது கண்ணில் பட்டுவிட்டால் சுடுமண்ணை எந்த ஊரிலும் அடையாளம் கண்டுகொள்வீர்கள். ஆலைப்புகை படிந்த ஊருக்கு, கழுவிவிடக்கூடிய இந்தப் பொருள்தான் சரி.

படி 4: ஜன்னல்கள்

பெரிதாக இருக்கும். வரைகலைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் பகல் வெளிச்சம் வேண்டும்.

படி 5: அண்ணாந்து பாருங்கள்

கூரைமேல் சின்னதாக ஒரு குவிமாடம் தெரிகிறதா? அது காட்லி வானாய்வகம். பிரான்சிஸ் காட்லி நகரத்துக்குக் கொடுத்த கொடை, 1903இல் திறந்தது. டப்ளினில் கிரப் நிறுவனம் செய்த தொலைநோக்கி உள்ளே இருக்கிறது. அங்கே ஏற இரும்புச் சுழல்படி. இவ்வளவு செங்கல்லும் சுடுமண்ணும் அடுக்கிய கட்டடத்தின் உச்சியில், அந்தக் குவிமாடம் மட்டும் காகிதக்கூழில் செய்தது.