ராஜபாளையம் நாய்க்குக் கொல்லையில் கூண்டு
எங்கள் வெள்ளையனுக்கு முதலில் ரெடிமேட் கூண்டுதான் வாங்கினேன். நாலடி நீளம், காலை நீட்டிப் படுக்க முடியாது. மேலே தகரம். சித்திரை வெயிலில் உள்ளே கையை விட்டால் அடுப்படி மாதிரி தகித்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்.

அப்புறம் வேப்பமரத்தடியில் கட்டினோம். எட்டடிக்கு ஆறடி, நாம் நிமிர்ந்து நின்று கழுவும் உயரம். தரையை முக்கால் அடி உயர்த்தி, சொரசொரப்பாகச் சிமென்ட் பூசி, தண்ணீர் வடிய ஒரு பக்கம் வாட்டம் கொடுங்கள். படுக்க மரப்பலகை அவசியம். வெறும் சிமென்டில் படுத்துப் படுத்து அவன் முழங்கை காய்த்துப்போயிருந்தது, பார்க்கவே மனசு வலித்தது. கூரைக்குத் தென்னங்கீற்று. சாரல் அடிக்கும் பக்கம் சுவர், மற்ற மூன்று பக்கமும் கம்பிவலை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம், மூக்கு எட்டாத உயரத்தில். நாள் முழுக்க அடைக்காதீர்கள். ஓடிப் பழகிய வேட்டைநாய் அது.